தட்டில் செத்த செல்கள்

ஹாலிஎல
2024 ஜூன் 3

என் தங்கம் ஜெயந்தினிக்கு,

பெரியாயி அத்தை எழுதுவது. குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது என் போன் பீலித் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்துச் சாற்றை ஊற்றினால் உங்கள் லேப் தட்டில் கான்சர் செல்லெல்லாம் செத்துப்போகிறது என்று போன மாதம் சொன்னாயே? அதைக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கங்காணி வீரய்யா, "அப்ப தோட்டத்து ஆளுக்குச் சாவே இல்லைன்னு சொல்லு" என்றார். பொறாமை பிடித்த மனுசன்!

ஒரு ரகசியம். என் மார்பில் ஒரு கட்டி. பதுளை ஆஸ்பத்திரியில் கான்சர்தான் என்று சொல்லி, 24ஆம் திகதி ஆபரேஷனுக்கு வரச் சொன்னார்கள். நான் ஏன் போகிறேன்? மருமகள் கண்டுபிடித்த மருந்து கையில் இருக்கும்போது கத்தி எதற்கு? வேளாவேளைக்குப் பால் சேர்க்காமல் தேயிலைச் சாயத்தண்ணி குடிக்கிறேன். உன் அப்பாவிடம் மூச்சு விடாதே.

உன் அத்தை,
பெரியாயி

கண்டி
2024 ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு,

படித்த உடனேயே எழுதுகிறேன். நான் சொன்னது தவறு, அத்தை.

செல்கள் பிழைத்திருக்கத் தட்டில் ஒரு கரைசல் ஊற்றுவோம். அதுதான் அவற்றுக்குச் சோறு. போன வாரம் எங்களுடையது தீர்ந்துபோக, லயத்தில் அடுத்த வீட்டில் சீனி கேட்பது மாதிரி பக்கத்து மேசை றின்ஸாவிடம் வாங்கினேன். அதில் செல்கள் சாகவே இல்லை! துருவிப் பார்த்தால், எங்கள் கரைசலில் தேயிலைச் சாறு பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அது. செல்களைக் கொன்றது அதுதான். றின்ஸாவின் கரைசலில் பைருவேட் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது பெராக்சைடைத் தீர்த்துவிடுகிறது. தட்டில் நடந்ததை நம்பி உங்கள் உடம்பை விடாதீர்கள்.

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசவிருந்ததையும் விலக்கிக்கொண்டேன். அது கிடக்கட்டும். நீங்கள் இல்லாமல் நான் என்ன செய்வேன்? அப்பாவிடம் சொல்லவில்லை. 23ஆம் திகதி நானே வந்து கூட்டிப்போகிறேன். ஒளிந்தால் லயம் லயமாகத் தேடுவேன்.

உங்கள்,
ஜெயந்தினி

ஹாலிஎல
2024 ஜூலை 9

அடி மக்குப் பெண்ணே,

நீ வந்தபோது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவளின் மானம் என்னாவது? உண்மையில் எனக்குக் கத்தி என்றால் பயம், கண்ணு. அதனால்தான் தேத்தண்ணியைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று ஆபரேஷன் தையல் பிரித்தார்கள். வேறெங்கும் பரவவில்லையாம். இன்று காலை நேரே பெரட்டுக்களத்துக்குப் போய், "என் மருமக சொன்னது தப்பு. தப்புன்னு கண்டுபிடிச்சதும் அவதான்" என்றேன். வீரய்யா, "அப்ப நாங்களும் சாகணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கட்டியை மறைத்து வைத்திருந்த ஒருத்தி மட்டும் சிரிக்காமல் என் பின்னாலேயே வந்து விஷயத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அவளைப் பதுளைக்குக் கூட்டிப்போகிறேன்.

இதோடு தேயிலை அனுப்புகிறேன், குடிக்க மட்டும். மாநாடு போச்சே என்று மூக்கைச் சிந்தாதே. உன் தட்டில் செல் சாகாவிட்டால் போகுது. நான் சாகலையேடி!

உன் அத்தை,
பெரியாயி