சுண்டு விரலுக்குப் புகை

மார்ச் 4, செவ்வாய்
முப்பத்து நாலாவது வாரம். ஸ்கேனில், வயிற்றுக்குள்ளே துரை ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். தலை மேலே, பிட்டம் கீழே. டாக்டரம்மா, "இன்னும் நாள் இருக்கு. நிறைய குழந்தைங்க தானாவே திரும்பிடும். இல்லைன்னா பார்த்துக்கலாம்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வது? கத்தியைத்தான். எனக்கு ஊசி என்றாலே உதறும்.

மருத்துவக் காப்பீட்டு ஆபீசில் என் வேலையே, எந்த வைத்தியத்துக்குப் பணம் தரலாம், எது தண்டம் என்று அறிக்கை எழுதுவது. போன மாதம் மேனேஜர் ஒரு ஃபைல் தந்தார். குழந்தையின் தலை திரும்ப, தாயின் கால் சுண்டு விரலருகே மூலிகைப் புகை காட்டும் வைத்தியம் கட்டுப்படியாகுமா என்று. சிரித்துவிட்டு ஓரமாக வைத்திருந்தேன். இன்று இரண்டு முறை படித்தேன்.

மார்ச் 6, வியாழன்
நானும் இவரும் புகை வைத்தியம் செய்யும் ஒரு அம்மாவிடம் போனோம். சுருட்டு மாதிரி ஒரு மூலிகைக் குச்சி. "வீட்டுக்காரரே தினம் காட்டலாம். தோல்ல படக்கூடாது, சூடு மட்டும் தெரியணும்" என்று கற்றுக்கொடுத்தார். அறிக்கையில் எழுதினேன்: குச்சி, மலிவு. வீட்டார் உழைப்பு, செலவில்லை.

மார்ச் 7, வெள்ளி
இவர் ஊரெல்லாம் புகை அலாரம் மாட்டுகிறவர். எங்கள் வீட்டில் அறைக்கு ஒன்று. குச்சியைப் பற்றவைத்ததுதான் தாமதம், எல்லாம் சேர்ந்து அலறின. கட்டிடமே படியிறங்கி ஓடியது. நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு.

"கழட்டி வைங்களேன்!"

"அலாரத்தையா? உயிரே போனாலும் கழட்டமாட்டேன்."

துரை அசைந்தால்தானே!

மார்ச் 8, சனி
இனிமேல் பால்கனியில்.

மார்ச் 12, புதன்
மாலை ஆறு மணி. நாற்காலியில் நான். தரையில் இவர், என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெல்டிங் பண்ணுகிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்தாற்போல இவ்வளவு நேரம் நாங்கள் உட்கார்ந்ததில்லை. முதலில் பேச ஒன்றுமில்லை, சுண்டு விரலைப் பற்றியே பேசினோம். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

இவருக்குமா?

மார்ச் 16, ஞாயிறு
எது பலித்தது என்று தெரிய வேண்டும், அதனால் ஒரு சமயத்தில் ஒரே வைத்தியம்தான் என்று வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தேன். மத்தியானம் தூங்கி எழுந்தால் என் அடிவயிற்றில் ரேடியோ, மேல்வயிற்றில் ஈரத்துணி. பக்கத்தில் மாமியார்.

"சத்தம் வர்ற பக்கம் தலையைத் திருப்புவான். குளிர்ற பக்கம் இருக்கமாட்டான்."

"அத்தை! என் கணக்கே போச்சு!"

"உன் கணக்கு போனா போகட்டும். புள்ளை நல்லபடியா வரட்டும்."

கோபத்தோடு கதவைச் சாத்திக்கொண்டேன். அப்புறம் நானே முட்டி போட்டு, பிட்டத்தைத் தூக்கிக் கவிழ்ந்து கிடந்தேன். அப்படிச் செய்தாலும் திரும்புமாமே. வெட்கங்கெட்டவள்.

மார்ச் 24, திங்கள்
ஸ்கேன். துரை சிம்மாசனத்தை விட்டு இறங்கவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். நாளைக்கு டாக்டரம்மா கையாலேயே திருப்பிப் பார்ப்பாராம். அதுவும் முடியாவிட்டால் கத்திதான்.

மார்ச் 25, செவ்வாய்
திரும்பிவிட்டார்!!

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே, மாவு பிசைவது போல வயிற்றை அழுத்தினார். உயிர் போகிற வலி. ஒரு காபி ஆறுகிற நேரம், "அவ்வளவுதாம்மா" என்றார். அவ்வளவுதானா? இத்தனை நாள் பால்கனியில் புகைந்தோமே, அடப்பாவிகளா!

மாலை பழக்க தோஷத்தில் பால்கனியில் போய் உட்கார்ந்தேன். இவரும் வந்தார், கையில் குச்சி இல்லை. "புகை வேணாம். மறுபடி திருப்பி விட்டுடப் போகுது" என்று சொல்லிவிட்டு, என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 19, சனி
துரை இல்லை, துரைசானி. பிறந்து ஒரு வாரமாகிறது. தலைதான் முதலில் வந்தது. கத்தி படவில்லை. மாமியார் ரேடியோவைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.

அறிக்கையை அனுப்பியிருந்தேன். பலன்: எங்கள் வீட்டில் தெரியவில்லை, ஒரு வீட்டை வைத்து முடிவு சொல்லவும் கூடாது. "வீட்டார் உழைப்பு, செலவில்லை" என்ற வரியில் "செலவில்லை"யை மட்டும் அடித்துவிட்டேன். மேனேஜர் போன் பண்ணினார்.

"வீட்டார் உழைப்புக்கு நேரே காலியா இருக்கேம்மா. எவ்வளவுன்னு போடட்டும்?"

"யோசிச்சுச் சொல்றேன் சார். மணி ஆறாச்சு, பால்கனிக்குப் போகணும்."