ஈரக் கல்

என் பிரியமானவளுக்கு,

நீ பிரசவத்துக்குப் போன பிறகு ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் எனக்கு நல்ல பெயர். இருபது ராத்தல் செம்பு எடுக்க எவ்வளவு தாதுக்கல் வேண்டும் என்று நான்தான் கணக்குப் போட்டேன். ஐந்து பங்கு கல்லுக்கு ஒரு பங்கு செம்பு. நூறு ராத்தல் நிறுத்து உலையில் போட்டோம். தாதுக்கல் மழையில் நனைந்து, தண்ணீரின் எடையும் அதில் சேர்ந்திருந்ததை நான் யோசிக்கவே இல்லை. உருக்கியதில் மூன்று ராத்தல் குறைந்தது.

மறுநாள் முதல் ஆளாகப் போய் உலையை மூட்டினேன். எடை சரியாகிவிட்டது.

"இன்னா கணக்கு நைனா! கரீட்டா கீது," என்று முதலாளி மெஹபூப் பாஷா எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டினார். எனக்குத் தலை நிமிரவில்லை.

குழந்தையோடு வந்ததும் உன் அம்மா சீராகக் கொடுத்த செம்புக் குடத்தைத் தேடாதே. மண்பானைத் தண்ணீரும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

உன் முகத்தில் விழிக்கக் கூசும்,
உன் வீட்டுக்காரன்