பெரிய வெள்ளிப் பக்கத்திலை என்ரை கையெழுத்து

என்ரை அன்பான மனுசிக்கு,

வழக்கு தள்ளுபடி! போனிலை சொல்ல வெளிக்கிட்டால் அழுதிடுவன், அதுதான் எழுதிறன். உம்மைத் துணைக்குக் கூப்பிட்ட மகளுக்கும் சொல்லும். பிள்ளை பெத்த உடம்பு, இனி அவள் யோசிக்கத் தேவையில்லை.

கொடிகாமத்து மாடிவீட்டுப் பல்கணி தொங்கினதுக்கு மேற்பார்வை பாத்த நான்தான் காரணமெண்டு பெரிய கொந்தராத்துக்காரர் கடைசிவரை நிண்டார். கொங்கிறீற் இறுக முதல் அதைத் தாங்கின முட்டுக்கம்புகளைக் கழட்டினது அவரின்ரை ஆக்கள். ஆனால் வேலைக் கொப்பியிலை, நான் மத்தியானம் ஒரு மணிக்கு நிண்டு கழட்டுவிச்சதெண்டு எழுதியிருந்தது. கீழை என்ரை கையெழுத்து. அந்தக் கிழமை வெறும் பக்கங்களுக்கெல்லாம் திங்கட்கிழமையே ஒரேயடியாய் வைச்சது. எங்கடை ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே செய்யிறவை. விசர் வேலை.

பிறகு குந்தியிருந்து அதை எழுதின அவரின்ரை ஆள் திகதியைப் பாத்தானே தவிர, அது பெரிய வெள்ளி எண்டதை மறந்திட்டான். கோப்பாய்ப் போதகர் வந்து சாட்சி சொன்னார். பன்னிரண்டிலையிருந்து மூண்டு மணிவரை நான் கோயிலிலை முன் வாங்கிலை இருந்தனானாம், எல்லாப் பாட்டும் பாடினனானாம். நான் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன்.

அண்டைக்கு நான் வேலைக்குப் போக வெளிக்கிட்டதையும், நீர் மோட்டார் சைக்கிள் திறப்பை ஒளிச்சு வைச்சதையும், அதுக்காக ரெண்டு நாள் உம்மோடை கதைக்காமல் திரிஞ்சதையும் ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.

திறப்பை உம்மடை வேதப்புத்தகத்துக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறன். நீர் வந்து எடுத்துத் தருமட்டும் நான் பஸ்ஸிலைதான் போய் வாறன்.

இப்படிக்கு,
முன் வாங்கிலை இருத்தப்பட்டவன்