விழுந்தவனைத் தூக்கும் விதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி.

போர்முனை மருத்துவப் பணியில் இன்னும் ஓராண்டு இருக்கக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். எதையும் சரிபார்க்காமல் சொல்கிறவன் இல்லை நான், அதனால் நம் பழைய பொம்மைப் போர் ஆட்டத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். விரலளவு சிப்பாய்கள், குழல் உடைந்த டாங்கி, தீப்பெட்டி வீடுகள், நான் தட்டச்சு செய்த ஒரு பக்க விதிகள், எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான்காம் விதி நினைவிருக்கும், பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் அடிபட்டவனை எடுத்து டப்பாவில் போட வேண்டும். பத்து வயதில் நீ, “ஏம்பா, அவன் செத்துட்டானா, காயம்தானா? யாராவது போய்ப் பாக்க வேண்டாமா?” என்று கேட்டாய். ஆட்டம் சுலபமாக இருக்கட்டும் என்றேன். நீ ஒரு சிப்பாயின் துப்பாக்கியை வெட்டி, தொப்பிக்கு வெள்ளை அடித்து, மருத்துவச் சிப்பாயாக்கி, அதை வைத்து டப்பாவில் கிடந்தவர்களை ஒவ்வொருவராக மீட்டு வந்தாய். அன்றே ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் நீ அங்கே போயிருக்க மாட்டாயோ என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வாரம் அந்த வெள்ளைத் தொப்பிச் சிப்பாய்க்கு விதி எழுதினேன். விழுந்தவன் விழுந்த இடத்திலேயே கிடப்பான், அது போய் இழுத்து வர வேண்டும், சுடுகிறவன் கண்ணில் பட்டால் அதற்கும் பகடை உருட்ட வேண்டும். ஆறு ஆட்டத்தில் ஐந்தில் அது திரும்பவில்லை. பகடை கோணலோ என்று அடுத்த வீட்டு வாத்தியாரிடம் வேறு வாங்கி உருட்டினேன், அப்போதும் அதே கதைதான். வெள்ளைத் தொப்பியைச் சுடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன். உங்கள் ஆம்புலன்ஸ் கண்ணாடியில் குண்டு பாய்ந்ததைப் பற்றி நீ போன கடிதத்தில் எழுதியது ஞாபகம் வந்தது, அந்த வரியை அடித்துவிட்டேன்.

“பொம்மைய வச்சு ஜோசியம் பாக்குறீங்களா? வேண்டாம்னு எழுத ஒரு வரி போதாதா?” என்கிறாள் அம்மா. அவள் சொல்வது சரி. கையெழுத்துப் போடாதே. ஒரே ஒரு ஆட்டத்தில் அது ஒருவனைத் தூக்கி வந்தது, உன்னை ஏன் தடுத்தேன் என்று அப்படி ஒருவனுடைய அப்பா வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் போடாதே.

வெள்ளைத் தொப்பியை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மேஜையில் நாலு பேர் விழுந்தபடியே கிடக்கிறார்கள், அவர்களை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

நீ நல்லபடியாக வீடு வந்து சேர அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். மாதக் கடைசியை மறந்துவிடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா