காசாம்பு படத்துக்கு எத்தனை நிமிஷம்

சித்திரை 21, செவ்வாய்

காலையிலயே அனல். பானைத் தண்ணி கைக்குச் சுடுது. ஐஸ்காரன் இன்னிக்கும் வரல. படம் கழுவற டெவலப்பர் தட்டை ஈரக் கோணி மேல வெச்சு ஒப்பேத்தினேன்.

கழுவினது:
வாத்தியாருங்க குரூப் – ஆறு நிமி.
பட்டாளத்து ஆள் – ஆறு.
மொட்டை போட்ட குழந்தை – அஞ்சரை. அசைஞ்சிடுச்சு.

நிமிஷம் குறிக்கச் சொல்லி ஸ்டூடியோ முதலாளி குடுத்த நோட்டு. கீழ என் சங்கதியும் எழுதறேன். பள்ளிக்கூடம் போவாத கை, பிலிம் டப்பாவும் கடை போர்டும் பார்த்து வந்த எழுத்து. இதைப் படிக்க அவருக்குப் பொறுமை கிடையாது.

முட்டி வலி. சாயங்காலம் கஞ்சி மட்டும்.

சித்திரை 22, புதன்

அதே வெயில். வேர்க்கடலை யாவாரம் பண்ற கூட்டேரிப்பட்டு மல்லாட்டைக்காரர் கரியில ஓடற பஸ்ல விழுப்புரம் வந்து எறங்கினாரு. கூட அவர் பொண்ணு காசாம்பு. மாப்பிள்ளை பட்டாளத்துல. படம் பார்த்து சம்மதம் எழுதுவானாம். லீவு கெடைச்ச அன்னிக்கே வந்து தாலி கட்டுவானாம்.

பொண்ணுக்கு ரெண்டு கன்னத்துலயும் அம்மைத் தழும்பு.

"தழும்பு தெரியக் கூடாது சார். போன தடவை மாதிரி வழவழன்னு வரணும்."

"அதெல்லாம் உள்ள சின்னப்பன் பார்த்துக்குவான்."

சின்னப்பன் நான்தான். போன தடவையும் நான்தான். ரெண்டு வருஷம் முன்ன, மார்கழி. கழுவறப்ப பாதி நேரத்துல பிலிமைத் தூக்கிட்டேன். நெகட்டிவ்ல பார்த்த மொகம் எனக்கு மறக்காது.

சூட்சுமம் ஒண்ணுமில்ல. தட்டுல போட்டா குழி, நிழல் எல்லாம் சீக்கிரம் வந்து அங்கயே நின்னுடும். மேடு, வெளிச்சம் பட்ட எடம் மட்டும் ஏறிக்கினே போவும். நேரம் ஆவ ஆவ ரெண்டுக்கும் வித்தியாசம் கூடும். அந்த வித்தியாசம்தான் தழும்பு.

இருந்தது ஒரே பிலிம், அதுல முதலாளி படம் எடுத்தாரு. யுத்தத்துல எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. பிரிண்டு போடற காயிதமும் ஒரே ரகம். கழுவறதுல தப்பினா பிரிண்டுல சரி பண்ண வழியில்ல.

முதலாளியும் அப்பன்காரரும் டீக்குப் போனாங்க. பொண்ணு பின்கட்டுக்கு வந்துச்சு.

"தாத்தா, நீங்கதான் கழுவறதா?"

"ஆமாம்மா."

"தழும்பு தெரியற மாதிரி கழுவுங்க."

"உங்கப்பா வேற சொல்றாரே."

"சொல்வாரு. போன தடவை அந்தப் படத்தைப் பார்த்துட்டு எட்டுப் பேரு வண்டி கட்டிக்கினு வந்தாங்க. பலகாரத் தட்டோட வெளிய வந்தேன். மாப்பிள்ளை படத்தைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. 'இது அக்காவா'ன்னாரு. எனக்கு அக்காவே கெடையாது."

சிரிச்சிச்சு. எனக்கு வரல.

"இவரு கழுத்துல கட்டறப்பதான் என்னைப் பார்ப்பாரு. கட்டிட்டு விட்டுட்டுப் போனா? எத்தனை நிமிஷம் ஆவும்?"

"இந்தச் சூட்டுக்கு ஆறு. நாலுல எடுத்தா வழவழ. ஒம்பது போனா அத்தனையும் தெரியும்."

"அப்ப ஒம்பது."

கடையில அரிசி கேக்கற மாதிரி. அந்த வழவழ என் கைவேலைன்னு சொல்ல வாய் வரல.

சித்திரை 23, வியாழன்

நேத்து கழுவல. முட்டி வலின்னு சாக்கு. உள்ளபடி பயம்.

இன்னிக்கு போட்டேன். நாலாவது நிமிஷம், செவப்பு வெளக்குல தூக்கிப் பார்த்தேன். உரிச்ச முட்டையாட்டம் மொகம். முதலாளிக்கு இது போதும். வேலையும் நெலைக்கும். திருப்பித் தட்டுல விட்டேன். ஆட்டிக்கினே இருந்தேன். ஏழுல கன்னம் சொரசொரப்பாச்சு. இடுப்பு கடுத்துச்சு.

காசாம்பு – ஒம்பது.

சித்திரை 25, சனி

அப்பனும் பொண்ணும் வந்தாங்க.

"என்ன சார் இது, போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டற படமாட்டம்?"

முதலாளி என்னைக் கூப்பிட்டாரு. "டயம்பீஸ் பார்க்கத் தெரியாதா ஒனக்கு?"

"கண்ணு சரியில்லைங்க." பொய்.

"சரியில்லன்னா வீட்ல கெட."

அதுக்குள்ள பொண்ணு படத்தை எடுத்துக் கவர்ல போட்டுடுச்சு.

"இதை அனுப்பினா எவன்டி வருவான்?"

"இந்த மூஞ்சிக்கு வர்றவன் வந்தா போதும். வாப்பா, பஸ் போயிடும்."

படியில எறங்கறப்ப என்னைத் திரும்பிப் பார்க்கல. பார்த்தா தெரிஞ்சிடும்னு நெனைச்சிருக்கும்.

சித்திரை 28, செவ்வாய்

வீட்ல. பகல்ல படுத்தா தூக்கம் வரல. மதியம் முதலாளி ஆள் அனுப்பினாரு. வேற ஆள் கழுவினது மூணும் கருகிப் போச்சாம். போனேன். கோவம் வரல, அலுப்புதான்.

வைகாசி 12, புதன்

மேகம் மட்டும். படம் கழுவற மருந்துப் பார்சல் எடுக்கத் திண்டிவனம். ஸ்டேஷன்ல மல்லாட்டை மூட்டையோட அப்பன்காரரு. மூட்டை மேல காசாம்பு.

"வேணாம்னு எழுதிட்டான்யா. படத்தையும் திருப்பி அனுப்பிட்டான். உன் கண்ணால என் பொண்ணு வாழ்க்கை போச்சு."

அவரு மூட்டைக்கு ரசீது வாங்கப் போனாரு.

"உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேனாம்மா?"

"வேணாம்னது தபால்லதான் வந்துச்சு தாத்தா. நான் மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்தேன். படிச்சாங்க. உரிச்சிக்கினே இருந்தேன். யாரு எதிர்லயும் போய் நிக்கல."

மூட்டை மேலேர்ந்து எறங்கிச்சு.

"அந்த நெகட்டிவ் இருக்குதா?"

"இருக்குதும்மா."

"பத்திரமா வைங்க. அடுத்த எடத்துக்கும் அதுலயே போடுங்க. ரெண்டு காப்பி."

நாலு மணி வண்டியில திரும்பினேன். ரெண்டு காப்பி போட்டாச்சு. கயித்துல தொங்குது, இன்னும் காயல.