டியூக்குக்கு உட்காரத் தெரியும்

ஜூன் 14, 1986. சனி.

வெயில். காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. புல் வெட்ட வேண்டும். வெட்டவில்லை.

பத்து மணிக்கு வால்ட் வந்தார். ஆபீசில் எனக்கு மேலதிகாரி. முழங்காலில் ஆபரேஷன் ஆகி ஊன்றுகோலுடன் நடக்கிறார். பிக்அப் டிரக்கின் பின்னால் கூண்டு, கூண்டுக்குள் நாய். லாப்ரடார். கறுப்பு. ஏழு மாதம். பெயர் டியூக். சுட்டு விழுந்த பறவையை ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வந்து எஜமானன் கையில் கொடுப்பதற்கென்றே உண்டான இனம். செப்டம்பரில் புறா வேட்டை தொடங்குகிறது. அதற்குள் இவனைப் பழக்கித் தர வேண்டும். பழக்க வேண்டியவன் நான்.

எப்படி நேர்ந்தது என்று எழுதிவைக்கிறேன். பிற்பாடு நானே நம்பமாட்டேன். செவ்வாய்க்கிழமை லிஃப்டில் வால்ட் கேட்டார்: உனக்கு நாய் பழக்கத் தெரியுமா, உன் வீட்டுக்குப் பின்னால் நல்ல இடம் இருக்கிறதே. நம்மவர்களிடம் மேலதிகாரி ‘தெரியுமா’ என்று கேட்டால் இரண்டு பதில்கள்தான் உண்டு. தெரியும் சார். அல்லது, கற்றுக்கொள்கிறேன் சார். மூன்றாவது பதிலை எனக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லித்தரவில்லை. நான் இரண்டாவதைச் சொன்னேன். இருபது வருஷமாக அதைச் சொல்லித்தான் டெக்சாஸ் வரை வந்திருக்கிறேன்.

டிரக் போனதும் வசந்தா கூண்டைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"நாய்."

"அது தெரியுது. எத்தனை நாளைக்கு?"

"செப்டம்பர் வரைக்கும்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"கிரீன் கார்டு லெட்டர்ல அவர்தான் கையெழுத்துப் போடணும்."

கராஜ் கதவைத் திறந்துவிட்டாள்.

ஜூன் 16. திங்கள்.

வக்கீல் போன். டிசம்பரோடு என் விசா முடிகிறது. இனி நீட்டிக்க வழியில்லை. அதற்குள் கம்பெனி எனக்காக விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு வால்ட்டின் கடிதம் வேண்டும். கடிதத்தை வக்கீலே எழுதி அனுப்பி மூன்று வாரமாகிறது. வால்ட் மேஜையில், பீங்கான் வாத்துக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு முறை அந்த அறைக்குப் போகும்போதும் அதன் ஓரம் தெரிகிறது.

நான் செய்யும் வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் எவரும் கிடைக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அப்படிக் கிடைக்காதவர்களில் பதினொரு பேரை ஏப்ரலில் எங்கள் மாடியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எண்ணெய் விலை விழுந்துவிட்டது. எண்ணெயே வேண்டாம் என்கிறபோது குழாய்க்குக் கணக்குப் போடுகிறவன் எதற்கு? எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விற்பனைப் பலகை. வாங்க ஆள் இல்லை. இருக்கவும் முடியாது, விற்றுவிட்டுப் போகவும் முடியாது.

மாலை நூலகத்தில் வேட்டை நாய் பழக்கும் புத்தகம் ஒன்று எடுத்தேன். குறிப்பு எடுத்தாயிற்று. வரைபடத் தாளில் கால அட்டவணையும் போட்டாயிற்று. முதலில் உட்காருதல். பிறகு அசையாதிருத்தல், எடுத்துவருதல், துப்பாக்கிச் சத்தம். புத்தகம் படித்துத் தேறாத பாடம் என்று என் வாழ்வில் ஒன்றுமில்லை. நீச்சல் தவிர.

ஜூன் 22. ஞாயிறு.

மழை மாதிரி வந்து போய்விட்டது. புழுக்கம்.

டியூக் உட்காரவில்லை. இந்த வாரம் தின்றவை: கறிவேப்பிலைச் செடி (முழுதும்), தோட்டத்துக் குழாயில் இரண்டடி, கால அட்டவணையில் ஜூலை மாதம்.

சுஜா படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பத்து வயது. தமிழ் புரியும், பேச்சு இங்கிலீஷ்தான்.

"அப்பா, யூ சவுண்ட் லைக் யூ ஆர் ஆஸ்கிங் ஹிம் எ ஃபேவர்."

யோசித்துப் பார்த்தேன். உண்மை. கட்டளையிடும் குரல் என்று ஒன்று என்னிடம் இல்லை. புத்தகத்தில் அதைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. மூச்சை வயிற்றிலிருந்து எடுக்க வேண்டுமாம்.

மதியம் ஒரு ரகளை. நாங்கள் சாப்பிடும் முன் வசந்தா தினமும் காக்கைக்குச் சோறு வைப்பாள். இங்கே வேலிக்கு அருகில் ஒரு கல்லின்மேல். எங்கள் ஊர் சுகர் லேண்டில் காக்கை அபூர்வம். நீண்ட வாலோடு கரிய பறவை இனம் ஒன்று கூட்டமாக வருகிறது. "கறுப்பா இருந்தா போதும், போய்ச் சேர வேண்டிய இடத்துல சேத்துடும்" என்பது அவள் கட்சி. புறாக்களும் வந்து சேர்ந்துகொள்ளும். இன்று டியூக் பாய்ந்து அத்தனையையும் விரட்டிவிட்டு, சோற்றையும் தானே தின்றான்.

"உங்க அப்பா இன்னிக்குப் பட்டினி" என்றாள் வ. என்னைப் பார்த்து, நான் தின்றதுபோல.

ஜூலை 3. வியாழன்.

வ. அவனைப் பழக்கிவிட்டாள். பதினோரு நாளில். புத்தகம் இல்லை, விசில் இல்லை. ஒரு சொல்: "இரு." ஒரு கிண்ணம் தயிர்சாதம். கல்லுக்கு எதிரே மூன்றடி தள்ளி டியூக் உட்காருகிறான். பறவைகள் வருகின்றன, தின்கின்றன, சண்டை போடுகின்றன. ஒன்று அவன் மூக்கின் முன்னால் நடந்து போயிற்று. அசையவில்லை. கடைசிப் பறவை தின்று முடித்துப் பறந்த பிறகுதான் அவனுக்குக் கிண்ணம்.

புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்பதாம் அத்தியாயம்: பறவை எதிரில் இருக்கும்போது நாய் நிதானம் தவறாதிருத்தல். பாடங்களிலேயே கடினமானது, பலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். அட்டவணையில் டிக் போட்டேன்.

வால்ட்டிடம் சொன்னேன். தோளில் தட்டினார். நான்கு வருஷத்தில் முதல் தடவை. யார் பழக்கியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 11. வெள்ளி.

ஆள் குறைப்பது வெள்ளிக்கிழமைகளில்தான்; அன்று எங்கள் மாடியில் ஒருவரும் இருமுவதுகூட இல்லை. பத்தரைக்கு மூர்த்தியைக் கூப்பிட்டார்கள். சென்னைக்காரர், பக்கத்துத் தடுப்பு, நான்கு வருஷமாக மதியச் சாப்பாடு இருவரும் சேர்ந்துதான். போன வாரம்கூடக் கிண்டல்: "என்ன சார், பி.இ. படிச்சுட்டு நாய்க்கு வாத்தியாரா? ஹோம்வொர்க் உண்டா?"

பதினொன்றுக்கு அட்டைப் பெட்டியோடு வந்தார். பெட்டியில் கால்குலேட்டர், பிள்ளையார், ஊறுகாய் பாட்டில்.

"அப்ப வீடு, பசங்க ஸ்கூல்?" என்றேன்.

"மெட்ராஸ்லயும் ஸ்கூல் இருக்கு சார். மச்சினனுக்கு போன் பண்ணணும்." ஊறுகாய் பாட்டிலை எடுத்து என் மேஜையில் வைத்தார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு நாய் இருக்கு."

சிரிப்பாகத்தான் சொன்னார்.

மதியம் வால்ட் என் தடுப்பின் மேல் தலையை நீட்டினார். எழுந்து நின்றேன். அவர் கேட்டது: டியூக் எப்படி இருக்கிறான்?

ஆகஸ்ட் 3. ஞாயிறு.

நூறு டிகிரி. கராஜில் நிற்க முடியவில்லை.

உறைய வைத்த வாத்து இறக்கைகள் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார் வால்ட். நாய் வாசனை பழக வேண்டுமாம். வ. ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள்: துருவிய தேங்காய், முருங்கைக்காய், ஊரிலிருந்து வந்த வடாம். "இதுல எதுக்குப் பக்கத்துல வைக்கப் போறீங்க, சொல்லுங்க." கராஜில் ஐஸ் பெட்டியில் வைத்தேன். நான்காம் நாள் தெருவே திரும்பிப் பார்த்தது. வேலி ஓரம் குழி தோண்டிப் புதைத்தேன். சுஜா ஒரு நிமிஷம் மௌனம் கடைப்பிடித்தாள்.

இப்போது எறிவது என் பழைய வேட்டியை உருட்டிக் கட்டிய உருளை. அதில் தோட்டத்தில் பொறுக்கிய இறகு இரண்டு. டியூக் அம்பு மாதிரி போகிறான், கவ்வுகிறான், கையில் தருகிறான். பல் பட்ட தடம்கூட இல்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கு சுஜா குக்கர் மூடியைக் கரண்டியால் அடிக்கிறாள். அதற்கும் அசையவில்லை.

நான் படிக்கும்போது முகவாயை என் பாதத்தின் மேல் வைத்துத் தூங்குகிறான். கால் மரத்துப்போகிறது. எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 29. வெள்ளி.

இன்று ஒருவரும் போகவில்லை. தைரியம் வந்து கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். ஒத்திகை பார்த்த வாக்கியம். வால்ட் வாத்தை ஒரு விரலால் நகர்த்தினார், கடிதத்தைப் பார்த்தார், திரும்ப வாத்தை வைத்தார். வேட்டை தொடங்கும் நாள் முடியட்டும், உட்கார்ந்து பார்ப்போம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். மிரட்டல் ஏதுமில்லை. இருந்திருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

வ.: "அப்ப நாய் பாஸானா நாமளும் பாஸு."

"அப்படி அவர் சொல்லல."

"சொல்லலைங்க. நான்தான் சொல்றேன்."

இரவு உணவு: சேமியா உப்புமா. டியூக்குக்கு இரண்டு கரண்டி கூடுதல்.

செப்டம்பர் 20. சனி.

மதியம் வால்ட்டின் டிரக்கில், கேட்டி என்ற ஊருக்கு மேற்கே. அறுவடை முடிந்த நெல் வயல். நெல்லைப் பார்த்ததும் ஏதாவது தோன்ற வேண்டுமே என்று காத்திருந்தேன். தோன்றவில்லை. வேர்த்தது.

வால்ட் மடக்கு ஸ்டூலில், ஊன்றுகோல் பக்கத்தில். தள்ளி அவருடைய நண்பர்கள் இருவர், ஆளுக்கு ஒரு நாய். நான் பின்னால், விசிலோடு. டியூக் என் இடது காலருகே.

முதல் வெடி. புறா ஒன்று சிறகு முறிந்து நாற்பதடி தள்ளி விழுந்தது. அனுப்பினேன். அளவுகோல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி போனான். வால்ட் சபாஷ் போடுவதுபோல "அட்டாபாய்" என்றார். புறாவுக்கு மூன்றடி முன்னால் நின்றான். உட்கார்ந்தான்.

விசில் ஊதினேன். அசையவில்லை. மறுபடி ஊதினேன். ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்தான், கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல. அப்புறம் புறாவைப் பார்த்தபடி இருந்தான். மிக மரியாதையாக.

அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று அந்த வயலில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பறவை சாப்பிட்டு முடித்துப் பறக்க வேண்டும். அது ஒருபோதும் முடிக்கப் போவதில்லை.

"ஹீஸ் சேயிங் கிரேஸ், வால்ட்" என்றார் நண்பர்களில் ஒருவர். உணவுக்கு முன் ஜெபமாம். மற்றவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். வால்ட் சிரிக்கவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

இரண்டாவது புறா. அப்படியே. மூன்றாவது. அப்படியே. வயலில் மூன்று புறாக்கள், நடுவில் ஒரு நாய், எதை முதலில் உபசரிப்பது என்று தெரியாமல்.

வால்ட் துப்பாக்கியை மடியில் வைத்தார். வயலைப் பார்த்தபடியே, போய் எடுத்து வா என்றார். டியூக்குக்கு இன்னொரு முறை விசிலை எடுத்தேன். வால்ட் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

போனேன்.

கனமே இல்லை. சூடு மட்டும். நாற்பத்திரண்டு வயதுவரை முட்டை ஓட்டைக்கூடத் தொட்டதில்லை. மூன்றையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். நான்காவதுக்கு உயிர் இருந்தது. வால்ட் தூரத்திலிருந்து இரண்டு கைகளாலும் எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டினார். செய்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஐந்தாவது விழும்போது எங்கே விழுகிறது என்று கண்ணால் குறித்துக்கொள்ளப் பழகியிருந்தேன். எட்டாவதுக்கு அவர் சொல்லும் முன்பே கிளம்பிவிட்டேன்.

ஒருவர் இவ்வளவுதான் சுடலாம் என்று சட்டம் இருக்கிறதாம். அந்த எண்ணிக்கை ஆனதும் வால்ட் எழுந்தார். "குட் மேன்" என்று தோளைத் தட்டினார். நண்பர்களுடைய நாய்கள் இரண்டு பறவைகளைத் தவறவிட்டிருந்தன. நான் ஒன்றும் தவறவிடவில்லை. திரும்பும் வழியில் அதை இரண்டு முறை சொன்னார்.

வீட்டில் வ. வாசலிலேயே பார்த்துவிட்டாள். "பின்பக்கமா போங்க." தோட்டத்துக் குழாயில் குளித்தேன். துண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள்.

"கையெழுத்து?"

"திங்கக்கிழமை பாக்கலாம்னார்."

ரசம் சாதம் போட்டாள். ஸ்பூன் எடுத்துக்கொண்டேன்.

"ஸ்பூன் எதுக்குங்க?"

"சும்மா."

செப்டம்பர் 21. ஞாயிறு.

மேகம். ஸ்பூன்தான்.

மாலை வால்ட் போன் செய்தார். டியூக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை, உன் பெண்ணுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள் என்றார். சுஜா கத்திக்கொண்டே தோட்டத்துக்கு ஓடினாள். வக்கீல் இல்லை, விண்ணப்பம் இல்லை, கைரேகை இல்லை. டியூக்குக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்துவிட்டது.

வ. மதியம் வழக்கம்போலச் சோறு வைத்திருந்தாள். புறாக்கள் வந்தன. நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

செப்டம்பர் 22. திங்கள்.

காற்று. முதல்முறையாகக் கொஞ்சம் குளுமை.

ஒன்பதேகாலுக்கு வால்ட் கூப்பிட்டார். கடிதம் மேஜை நடுவில், கையெழுத்தோடு. இந்தப் பணிக்கு இவரைத் தவிர வேறு ஆளில்லை. நன்றி சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். வ.வுக்கு போன். "சாயந்திரம் பாயசம் வைக்கிறேன்" என்றாள்.

வக்கீலுக்கு போன். மிக நல்லது என்றார். கார்டு கையில் வர இரண்டு வருஷம் ஆகலாம். அதுவரை கம்பெனி மாறக்கூடாது, வேலை மாறக்கூடாது, என்னென்ன செய்கிறீர்களோ அதையே செய்துகொண்டிருக்க வேண்டும். எழுதிக்கொண்டேன்.

நாலு மணிக்கு வால்ட் என் தடுப்பின் மேல் தலையை நீட்டினார். எழுந்து நின்றேன். நவம்பரில் வாத்து வேட்டை. தண்ணீர் இடுப்பளவு இருக்கும், ஜில்லென்று இருக்கும். மார்பு வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் ஆர்டர் கொடுக்கப் போகிறாராம். பேனாவும் சீட்டும் வைத்திருந்தார். கால் அளவு கேட்டார்.

எட்டரை சார் என்றேன்.