இன்னும் உனக்கு யாரும் சொல்லவில்லை

ஆத்பாஷி,
மார்ச், முதல் வெள்ளி.

கசான் நகரில் கணவனோடும் மக்களோடும் வாழும் என் தங்கை கனிஷாய்க்கு, அண்ணன் தூலோபெர்தி எழுதுவது. உன் அடுப்பு அணையாதிருக்கட்டும். உன் பிள்ளைகள் நலமாய் வளரட்டும்.

இக்கடிதத்தை நீ பிரிக்க வேண்டா. அங்கே வாழும் நம் ஊர்ப் பெரியவர் சகின்பாய் ஐயா படிப்பார். நீ கேட்டால் போதும். அவரோடு நம் ஊர்ப் பெண்கள் இருவர் வந்திருப்பார்கள். உன் வலப்புறம் ஒருத்தியும் இடப்புறம் ஒருத்தியும் அமரட்டும். தேநீர் வைக்கிறேன் என்று எழுந்து ஓடாதே.

இங்கே பனி இன்னும் இளகவில்லை. சாம்பல் நிறக் குதிரை குட்டி ஈன்றிருக்கிறது. அம்மா நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆகவே, உண்கிறாள், உறங்குகிறாள் என்று மட்டும் எழுதுகிறேன்.

எத்தனை முறை உன்னை அழைத்தேன்! உன் கைப்பேசி என்னை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாய். உன் கணவன் நூர்தீன் மட்டும் பேசினான். "வேலைக்குப் போறா, தைக்கிறா, புள்ளைங்களுக்குச் சோறு போடுறா. ஆனா ஒரு சொட்டுக் கண்ணீர் வரல மச்சான். எனக்குப் பயமா இருக்கு" என்றான். அந்தச் சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

நம் சிறுவயதை எண்ணிப் பார். ஊருக்கே ஒரு தொலைபேசி; அதுவும் அஞ்சலகத்தில், பூட்டிய அறைக்குள். தொலைக்காட்சியோ, நான் கூரைமேல் நின்று கம்பியைப் பிடித்தால்தான் தெரியும். "அப்படியே நில்லுண்ணே, அசைஞ்சா மூஞ்சி ரெண்டாயிடுது!" என்று நீ கீழிருந்து கத்துவாய். உலகக் கோப்பைப் பந்தாட்டம் முழுவதையும் நான் கண்டது உன் குரலில்தான்!

அந்நாளில்தான் அம்மாவின் தந்தை ஓஷ் நகரில் மறைந்தார். தந்தி வந்தது. அஞ்சலகத்துப் பெண் அதை அம்மாவிடம் கொடுத்தாளா? இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொடுத்தாள். அவர் இருவரைச் சேர்த்துக்கொண்டு வந்தார். மூவரும் அமர்ந்தார்கள், வைக்கோலைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அம்மாவை ஒட்டி அமர்ந்தார்கள். அதன் பிறகே பெரியவர் செய்தியைச் சொன்னார். அம்மா சரிந்தபோது, அவள் தரையில் விழவில்லை, கைகளில் விழுந்தாள். இறப்பைக் கேட்பிக்கும் நம் முறை அது.

கருவியைப் பழிக்க நான் எழுதவில்லை. அக்கருவி அப்பாவுக்கு எத்தனை மகிழ்வைத் தந்தது! நீ அழைத்தால் செருப்பில்லாமல் முற்றத்துக்கு ஓடுவார். அங்கேதான் அலை கிடைக்கும். அவர் பிடிக்கிற பிடியில் நெற்றி மட்டுமே உனக்குத் தெரியும். போன ஆண்டு ஒரு குதிரைக்குட்டியின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டி, "பாத்தியா, உன்னப் பாத்துத்தான் காத ஆட்டுது!" என்றாரே, நினைவிருக்கிறதா? மலைகளைக் கடந்து உன்னை நம் உணவு விரிப்பின் அருகே உட்காரவைத்தது எதுவோ, அதுவேதான் அன்று உன்னைத் தனியே நிற்கவைத்தது.

அந்த விடியலில் நான் உன்னை அழைக்கவில்லை. முறைப்படி சகின்பாய் ஐயாவை அழைத்தேன். அவரும் ஆள் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார். உன் குடியிருப்பின் வாயிற்கதவைத் திறக்கும் எண் தெரியாமல், யாரேனும் உள்ளே போவார்களா என்று பனியில் காத்து நின்றார்கள். (ஐயா, இந்த வரியையும் விடாமல் படியுங்கள். நீங்கள் சோம்பியிருக்கவில்லை என்று அவள் அறியட்டும்.) அதற்குள், கறுப்பு நாடா கட்டிய அப்பாவின் படத்தைச் சூராகான் அத்தை குழுவில் போட்டுவிட்டாள். நீ இரவு வேலை முடிந்து திரும்பும் டிராமில், கம்பியைப் பிடித்து நின்றபடி அதைப் பார்த்தாய். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினாய். ரொட்டி வாங்கினாய். வாயிலில் நின்றவர்களிடம், "தெரியும். உள்ள வாங்க, குளிருது" என்றாய்.

கடந்த வாரம் உறவினர் அனைவரும் இங்கே கூடினோம். பெரியவர் காரிப்பெக் அத்தையைக் கடிந்துகொண்டார். அத்தை விடுவாளா? "சொல்லியாச்சுன்னு நெனச்சேன்யா! உங்க பேரன் கல்யாணத்துக்கு நீங்க போன்லதானே கூப்பிட்டீங்க?" என்றாள். "கல்யாணத்துக்குக் கூப்பிடலாம்டி. வராட்டி கறி மிச்சம். இதுக்கு அந்தப் பெட்டிக்குத் தோள் இருக்கா, சாஞ்சுக்க?" என்றார் அவர். அத்தை உடைந்துபோனாள். "என் அண்ணன் போயிட்டான்னு நான் யார்கிட்டச் சொல்லி அழுவேன்? வீட்ல நான் ஒருத்தி. கையில இருந்தது அது மட்டும்தான்" என்றாள். அவளும் தனியாகத்தான் இருந்தாள், கனிஷாய். அவளை வெறுத்துவிடாதே.

அப்போது அம்மா பேசினாள்: "என் பொண்ணுக்கு இன்னும் யாரும் சொல்லல. படம் பாத்திருக்கா, அவ்வளவுதான். போய்ச் சொல்லுங்க."

அதனால்தான் இக்கடிதம். பேசியே பிழைப்பவன் நான். திருமணமா, பொதுக்கூட்டமா, முதலில் எழுந்து முழங்குபவன். ஆயினும் இச்செய்தியைத் திரைவழியே உன் உள்ளங்கைக்குள் முழங்க நான் உடன்படமாட்டேன். என் குரல் அதன்வழி வரும். என் கை வாராது.

அடக்கத்தின்போது கூடாரத்தில் ஒப்பாரி வைக்கப் பெண்கள் அமர்ந்தார்கள். அம்மாவின் பக்கத்தில் உட்காரப் போன உன் நாத்தியிடம், "அது கனிஷாய் எடம், தள்ளி உக்காரு" என்றாள் அம்மா. நாற்பதாம் நாளுக்கு நீ வரவேண்டும். முதலாளி விடுப்புத் தரமறுத்தால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், அம்மா ஒருத்திதான்.

ஐயா, இனிக் குரலைத் தாழ்த்திப் படியுங்கள். பெண்களே, அவள் தோளைப் பற்றிக்கொள்ளுங்கள்.

கனிஷாய், உன்னைத் தோளில் ஏற்றி ஆற்றைக் கடந்தவர், உன்னைக் கசானுக்கு ஏற்றி அனுப்பிய பிறகும் பேருந்து நிலையத்திலேயே மாலைவரை அமர்ந்திருந்தவர், நம் தந்தை ஜுமாகதிர், இறந்துவிட்டார். விடியற்காலையில், அம்மாவின் கையைப் பிடித்தபடியே போனார். வலியில்லை. அவர்மேல் கிடக்கும் மண் பட்டாகட்டும்.

இப்போது உனக்குச் சொல்லியாயிற்று, தங்கச்சி. அழு.

உன் அண்ணன்
தூலோபெர்தி